வேர் கழுவிய வேப்பிலைச் சாறு

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் புதிதாக ஒரு பல் கிளினிக் வந்திருக்கிறது. நடத்துகிறவர் டாக்டர் பியூலா. இந்தத் தெருவில் ஓய்வு பெற்ற அரசுப் பல் மருத்துவர் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் கையில் பச்சைப் பெட்டியோடு என்னைத் தேடி வந்தார். பெட்டிக்குள் ஒரு சின்ன பாட்டில். வேர் சிகிச்சை செய்யும்போது பல்லுக்குள் விட்டுக் கழுவுவதற்கான மூலிகைத் திரவம். கம்பெனி ஆள் சாம்பிள் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"மேடம், இத நம்பி ஊத்தலாமா? பேஷண்டுகளே இப்ப ஹெர்பல் இருக்கான்னு கேக்காங்க."

"யாருக்கு ஊத்தப் போறீங்க?"

"எல்லாருக்கும்தான்."

"அப்படின்னா வேண்டாம்."

"அப்ப மூலிகையெல்லாம் சும்மாவா மேடம்?"

"சும்மான்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் நடுவுல நிக்கீங்களே" என்றார். நடுவில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது என்று ஆரம்பித்து, காபி ஆறிப்போகும்வரை பேசினேன். அவர் போன பிறகும் சொல்லி முடிக்காததுபோலவே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்து முடித்ததையும் ஆரம்ப வருடங்களையும் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல வருடம் இருந்தேன். அங்கே பல் மருத்துவம் என்றால் பிடுங்குவதுதான். வயலிலிருந்து நேரே வருவார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மத்தியானத்துக்குள் களை எடுக்கத் திரும்ப வேண்டும். ஊசி போட்டுப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு பல்லைக் காப்பாற்ற நாலைந்து தடவை வரச் சொன்னால் யார் வருவார்? கை பலமானதே தவிர நுணுக்கம் வரவில்லை.

தென்காசிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தபோது பல் பிரிவுக்கு மூத்தவராக இருந்தவர் டாக்டர் குற்றாலிங்கம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். சாதாரணமாக என்னைக் "கோமதி, வா, போ" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "டாக்டர் கோமதி, நீங்க என்ன நெனச்சு இதச் செஞ்சீங்க?" என்று ஆரம்பித்தாரானால் அன்றைக்கு நான் தொலைந்தேன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார். "என்ன வேலை பாக்கிய?" என்பார். இரண்டாவது கேள்வி, "அந்தப் பக்கம் மெல்ல வேற பல்லு இருக்கா?"

வேர் சிகிச்சை என்பது கேட்பதற்குப் பெரிய பெயர். செய்வது சுத்தம் செய்யும் வேலை. பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் ஓடுகிற மெல்லிய குழல் ஒன்று வேரின் நுனிவரை போகிறது. சொத்தை அதைத் தொட்டுவிட்டால் உள்ளே இருக்கிற சதை அழுகும், கிருமி குடியேறும், சீழ் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். மேலே சின்னதாகத் துளை போட்டு, ஊசி மாதிரியான அரத்தால் குழலைச் சுரண்டி, மருந்துத் தண்ணீரை விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு காயவைத்து, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அரம் போகிற இடத்தைவிடப் போகாத இடம்தான் அதிகம். பக்கவாட்டில் கிளை கிளையாக முடியை விடச் சின்ன வழிகள் இருக்கும். அங்கே போகக் கூடியது தண்ணீர் மட்டும்தான். அதனால் கழுவுகிற தண்ணீரில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

வழக்கமாகக் கழுவுவது ஹைப்போகுளோரைட்டில். துணி வெளுக்கிற பிளீச்சிங் பவுடரின் குடும்பம்தான். கிருமியைக் கொல்லும், அழுகின சதையையும் கரைக்கும். அதற்குச் சமமாக இன்னொன்று கிடையாது. ஆனால் அழுத்திப் பீய்ச்சி வேர் நுனிக்கு வெளியே போய்விட்டால் நோயாளியின் முகம் வீங்கிப்போகும். குற்றாலிங்கம் சார் சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தவே மாட்டார், ஆள்காட்டி விரலால்தான். கட்டைவிரலுக்குப் பலம் ஜாஸ்தி என்பார். ஊசியைக் குழலுக்குள் இறுக்காமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார். "உள்ள போறது வெளிய வரணும் கோமதி. வெளிய வராம நின்னுச்சுன்னா நீயும் நில்லு."

மரத்திலிருந்து வந்த பொருளைப் பல்லுக்குள் வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. குழலை அடைக்கிற குச்சி இருக்கிறதே, இளஞ்சிவப்பு நிறத்தில், அது ஒரு மரத்துப் பாலைக் காய்ச்சிச் செய்தது. அதோடு சேர்த்துக் குழைக்கிற பசையில் கிராம்புத் தைலத்தின் சாரம் இருக்கிறது. பல் ஆஸ்பத்திரி வாசலில் அடிக்கிற வாசனையே கிராம்பு வாசனைதான். ஆனாலும் பச்சிலை என்று யாராவது பேச்செடுத்தால் சாருக்குப் பிடிக்காது. எருக்கம்பாலைச் சொத்தையில் விட்டு, உதடும் ஈறும் வெந்துபோய் வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

இசக்கிமுத்து வந்தது சாரல் காலத்தில். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைக்கிற வேலை அவருக்கு. ஐம்பதை ஒட்டிய வயது. கூட வந்தவர் மனைவி ராமலெட்சுமி. கேள்வி கேட்டால் அவர்தான் பதில் சொன்னார். இசக்கிமுத்துவின் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மடக்குக் குடித்தார்.

"என்ன வேலை பாக்கிய?" என்று சார் கேட்டார்.

"லாட்ஜுல துவைச்சிக்கிட்டு இருந்தாவ. இப்ப போகல சாரு. கன்னத்துல புத்துநோய் வந்து கரண்டு வச்சாச்சு. கரண்டு வச்சதுல நோவு போயிட்டு. இப்ப இந்தப் பல்லுதான் உயிர வாங்குது."

புகையிலை போட்ட கன்னம். கதிர்வீச்சு கொடுத்துப் புற்றைக் கரைத்திருந்தார்கள். அதன் பின்விளைவுகள் முகத்தில் தெரிந்தன. எச்சில் சுரப்பு வற்றி உதடு வெடித்திருந்தது. வாய் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கீழ்த்தாடையில், கோரைப் பல்லை அடுத்த முன்கடைவாய்ப் பல் கறுத்துப்போயிருந்தது. அதன் வேருக்கு நேராக ஈறில் ஒரு சீழ்க் கொப்புளம். அந்தப் பக்கத்தில் மெல்வதற்கு வேறு பல் இல்லை. மறுபக்கம் தாடை இறுகிப்போய் மெல்லவே முடியாது.

"பிடுங்கிருங்க சாரு" என்றார் ராமலெட்சுமி. "ரெண்டு எடத்துல காட்டியாச்சு. பிடுங்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு வெரட்டுதாவ. ஏன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "நான் சொல்லுதேன், கேளுங்க. கரண்டு வச்ச எலும்புல ரத்த ஓட்டம் கொறைஞ்சு போகும். நமக்குப் பல்லு பிடுங்கினா குழி ஆறிரும். இவருக்கு ஆறாது. எலும்பு வெளிய தெரிய ஆரம்பிச்சு, அப்படியே செத்துக்கிட்டே போகும். தாடையவே எடுக்கும்படி ஆயிரும். அதனாலதான் பயப்படுதாங்க."

"அப்ப அப்படியே விட்டுர வேண்டியதுதானா?"

"விட்டாலும் சீழ் எலும்பைத் திங்கும். பல்லு அங்கேயே இருக்கணும், உள்ள சுத்தமாகணும். வேற வழி இல்ல."

ராமலெட்சுமி கணவரின் முகத்தைப் பார்த்தார். இசக்கிமுத்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்போது பக்கத்து நாற்காலியில் இன்னொருவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நர்ஸ் ஹைப்போகுளோரைட் பாட்டிலைத் திறந்தார். வாடை இந்தப் பக்கம் வந்ததும் இசக்கிமுத்து மூக்கைப் பொத்தினார். இருமல் வந்தது. இருமல் இழுப்பாக மாறியது. கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவரை வெளியே கொண்டுபோய் மூச்சு மருந்து வைத்து அடங்க அரைமணி நேரம் போல ஆனது. அதன் பிறகுதான் ராமலெட்சுமி சொன்னார்: லாட்ஜில் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துவைத்ததிலேயே கணவருக்கு இழுப்பு வந்ததாம். கையெல்லாம் தடித்துவிடுமாம். கடைசி வருடங்களில் பவுடரை ராமலெட்சுமி கரைத்துக் கொடுக்க, அலசுவதை மட்டும் இசக்கிமுத்து செய்திருக்கிறார்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிடுங்க முடியாத பல்லு. தொறக்காத வாய். ஊத்த முடியாத மருந்து. இது உன் கேஸ், கோமதி."

"எனக்கா சார்?"

"உன் கை என் கைய விடச் சின்னது. அந்த வாய்க்குள்ள என் கை போகாது."

ஹைப்போகுளோரைட் இல்லையென்றால் அடுத்ததாக எங்களிடம் குளோர்ஹெக்சிடின் இருந்தது. வாய் கொப்பளிக்கக் கொடுக்கிறதன் கெட்டியான வகை. கிருமியைக் கொல்லும், அழுகலைக் கரைக்காது. குழந்தைகளுக்கு என்று வைத்திருந்த சின்னத் தலை டிரில்லை எடுத்தேன். ஒரு மரக்குச்சியை அவர் பல்லிடுக்கில் கடிக்க வைத்து, அந்த இரண்டு விரல் இடைவெளியில் வேலை செய்தேன். மருந்து தொண்டைக்குள் இறங்காமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டுவதற்கே நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. குழலைச் சுரண்டி, கழுவி, உள்ளே சுண்ணாம்பு மருந்து வைத்து மூடினேன்.

"சுண்ணாம்பா? வெத்தலைக்குத் தடவுததா?" என்றார் ராமலெட்சுமி, பயந்துபோய்.

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார் சார். "இது ஒண்ணும் செய்யாது."

நல்லது செய்யவும் இல்லை. அடுத்த தடவை வந்தபோதும் கொப்புளம் இருந்தது. மறுபடி கழுவினேன், மறுபடி மருந்து வைத்தேன். அதற்கடுத்த தடவையும் இருந்தது. அழுத்தினால் சீழ் வந்தது. இசக்கிமுத்துவுக்குச் சாப்பாடு கஞ்சியோடு நின்றுபோயிருந்தது. ஆள் மெலிந்துகொண்டே வந்தார். ராமலெட்சுமி ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் விட்ட துவைக்கிற வேலையை இப்போது ராமலெட்சுமிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சபூரா உள்ளே வந்தாள். கடையநல்லூர்ப் பெண். எங்களிடம் பயிற்சி டாக்டராக இருந்துவிட்டு, பக்கத்து மாவட்டத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வேர்க் குழலில் குடியிருக்கிற கிருமிகளைச் செடிச் சாறுகளால் கட்டுப்படுத்த முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஊருக்கு வந்தபோது எங்களைப் பார்க்க வந்தவளிடம் இந்தக் கேஸைச் சொன்னேன்.

"வேப்பிலை எக்ஸ்ட்ராக்ட் போட்டுப் பாக்கலாம் மேடம்" என்றாள். "லேபுல கிருமி வளர்த்த பிளேட்ல நல்லா ரிசல்ட் வருது."

சார் கேட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர் சபூரா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எருக்கம்பால் விட்டுட்டு வர்றவங்கள இங்க உக்கார வச்சுத் தெனமும் ஏசுதோம். நாமளே இலையக் கசக்கிப் புழிஞ்சு ஊத்தலாமா? உங்களுக்கு நியாயமாப் படுதா?"

சபூரா பயப்படவில்லை. "கசக்கிப் புழியல சார். காய வச்சு, சாரம் எறக்கி, கிருமி புகாத ஃபில்டர்ல வடிகட்டி, அளவு வச்சிருக்கேன். நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் திரும்பக் கேக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் போனோம். சோதனைக் கூடத்தில் சபூரா கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். கிருமி பாலாடை மாதிரிப் படர்ந்திருந்தது. வேப்பிலைச் சாறு நனைத்த வட்டக் காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம். சார் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"எதுல கரைச்சீங்க?"

அவள் சொன்னாள்.

"அந்தக் கரைப்பானே கிருமியக் கொல்லலாமே. இலை இல்லாம அத மட்டும் வச்ச தட்டு எங்க?"

சபூரா இன்னொரு தட்டை நீட்டினாள். அதில் வளையம் இல்லை. சார் அதையும் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். திரும்ப "நீ" என்று பேச ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது.

"நல்லாச் செஞ்சிருக்க பிள்ள. ஆனா இது உன் கிருமி. கடையில வாங்கி வளர்த்த கிருமி. அவர் பல்லுல இருக்கிறது அவர் கிருமி. அதுல இருந்து எடுத்து வளர்த்து, அது மேல வச்சுக் காட்டு. பெறகு உங்க காலேஜ் கமிட்டிகிட்ட எழுதி அனுமதி வாங்கு. அப்புறம் அந்த மனுசன் சம்மதிக்கணும். மூணும் நடந்தா பாக்கலாம்."

இசக்கிமுத்துவின் பல்லைத் திறந்து, மெல்லிய காகிதக் குச்சியைக் குழலுக்குள் விட்டு ஈரத்தை ஒற்றியெடுத்து, சபூரா கையோடு கொண்டுபோனாள். தட்டில் வளையம் வந்தது. இசக்கிமுத்துவின் கைத்தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம், தடிப்பு வரவில்லை. கமிட்டி ஒப்புக்கொண்டது. மூன்றாவது மட்டும் மிச்சம் இருந்தது.

சார் தானே அவரிடம் பேசினார். ஒளிக்கவில்லை. "இது தட்டுல வேலை செஞ்சிருக்கு. பல்லுக்குள்ள செய்யுமான்னு எங்களுக்கே தெரியாது. பாத்துச் செய்வோம். வேண்டாம்னாலும் நாங்க உங்கள விட்டுர மாட்டோம்."

அன்றுதான் இசக்கிமுத்து வாய் திறந்து பேசிக் கேட்டேன். நாக்கு தடித்துக் குழறியது. "வேப்பிலையா? கசக்குமோ?"

ராமலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவியளுக்கு நாக்குல ருசியே கெடையாது டாக்டரம்மா. கரண்டு வச்சதோட போயிட்டு. நான் உப்பு போட மறந்தாலும் தெரியாது, ரெண்டு தடவ போட்டாலும் தெரியாது. கசப்பக் கண்டு பயப்படுதாவளாம்!"

இசக்கிமுத்துவும் சிரித்தார், அந்த இரண்டு விரல் வாயால். "சரி, ஊத்துங்க" என்றார்.

இதற்கு நடுவில் சார் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டையான மரக்குச்சி ஒரு கட்டு எடுத்து ராமலெட்சுமியிடம் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், நாலைந்து நாளைக்கு ஒருதடவை ஒரு குச்சி கூட்ட வேண்டும் என்று செய்து காட்டினார். தாடைத் தசை இளகுவதற்கு. வலிக்கிற பயிற்சி அது. பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுவார்கள். ராமலெட்சுமி விடவில்லை. உலை வைத்ததும் கணவர் வாயில் குச்சி போக வேண்டும், சோறு வடிக்கும்வரை எடுக்கக் கூடாது. "எடுத்தா சோறு கெடையாதுன்னுட்டேன்" என்றார். கொப்புளம் மாறவில்லையே தவிர, வாய் திறந்துகொண்டே வந்தது. வேப்பிலைக்கு நாள் குறித்திருந்த அன்று மூன்று விரல் நுழைந்தது.

சார் அதைப் பார்த்ததும், "பொறு. மொதல்ல ஒரு எக்ஸ்ரே படம் எடு" என்றார். "இத்தன நாளும் நேராத்தான் எடுக்க முடிஞ்சுது. இப்ப ஃபிலிமைச் சரிச்சு வைக்கலாம்."

சரித்து எடுத்த படத்தில் வேர்க் குழல் பாதிவழி வரை ஒரே கோடாகப் போய், அதற்குக் கீழே மங்கலாக இரண்டாகப் பிரிந்தது. நேராக எடுத்தால் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்துவிடும். நாங்கள் கழுவிக்கொண்டிருந்தது ஒரு குழலை. இன்னொன்று யாரும் தொடாமல் உள்ளேயே அழுகிக் கிடந்தது.

மிக மெல்லிய அரம் ஒன்றை எடுத்து, அதன் நுனியை நகத்தால் கொஞ்சம் வளைத்து என் கையில் கொடுத்தார். "நாக்குப் பக்கமாச் சொவரத் தடவிக்கிட்டே எறங்கு. கண்ணால தேடாத. மாட்டும்."

தடவிக்கொண்டே இறங்கினேன். வழுக்கியது. எடுத்துத் திரும்ப விட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. முதுகு வலித்தது. ஓரிடத்தில் நுனி எதிலோ சிக்கியது. சுவரில் மோதினால் கெட்டியாக நிற்கும். இது அப்படி இல்லை, பஞ்சில் குத்தின மாதிரி இருந்தது. லேசாகத் திருகினேன், இறங்கியது. வெளியே எடுத்தபோது அரத்தின் நுனியில் கறுப்பாக ஈரம் ஒட்டியிருந்தது, கெட்ட வாடை. அந்த வாடை அவ்வளவு சந்தோஷம் தரும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். பின்னால் நின்றிருந்த சபூரா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு குழலையும் சுரண்டியபின் வேப்பிலைச் சாற்றைச் சிரிஞ்சில் எடுத்தேன். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். பல்லைக் கறை பிடிக்க வைக்கும். முன்பல்லாக இருந்தால் யோசித்திருப்போம். ஆள்காட்டி விரலால் தள்ளினேன். உள்ளே போனது வெளியே வந்தது, கலங்கலாக. மறுபடி விட்டேன். கலங்கல் குறைந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு போன நிறத்திலேயே வந்தது. ரப்பர் விரிப்பின் ஓரம் எங்கோ தளர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் சாறு நாக்குப் பக்கம் இறங்கிவிட்டது.

இசக்கிமுத்து கையைத் தூக்கினார். இழுப்பு வந்துவிட்டது என்று பயந்து நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினேன். நர்ஸ் மூச்சு மருந்தை எடுக்க ஓடினார். மூச்சு சாதாரணமாகத்தான் வந்தது. இசக்கிமுத்து நாக்கை வெளியே நீட்டினார், உள்ளே இழுத்தார், கண்ணை மூடினார்.

"கசக்கு" என்றார்.

எங்களில் யாருக்கும் உடனே புரியவில்லை. கதவோரம் நின்ற ராமலெட்சுமிக்குத்தான் புரிந்தது. "என்ன சொன்னிய?"

"கசக்குட்டி. நாக்குல நல்லாக் கசக்கு."

ராமலெட்சுமி அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். கதிர்வீச்சுக்குப் பிறகு சிலருக்கு ருசி மாதக்கணக்கில் மெள்ள மெள்ளத் திரும்பும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். வேப்பிலை அதைக் கொண்டுவரவில்லை. வந்துகொண்டிருந்ததை அந்தக் கசப்புக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். சார் ஜன்னல் பக்கம் திரும்பி டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை வந்தபோது கொப்புளம் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த தடவை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு தடவை சாற்றில் கழுவி, காயவைத்து, இரண்டு குழலையும் அடைத்து மூடினேன். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் வேர் நுனியைச் சுற்றி இருந்த கறுப்பு நிழலுக்குள் எலும்பு வெள்ளையாக ஊறிக்கொண்டு வந்திருந்தது. இசக்கிமுத்து அந்தப் பக்கத்தில் இட்லி மெல்ல ஆரம்பித்தார்.

சபூராவுக்குத் தலைகால் புரியவில்லை. இதை எழுதிக் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும் என்று கிளம்பினாள். தலைப்பைச் சாரிடம் சொன்னாள். வேப்பிலைச் சாற்றால் குணமான பல் என்கிற மாதிரியான தலைப்பு.

"நாம எத்தன விசயத்த மாத்துனோம் பிள்ள?" என்று கேட்டார் சார்.

அவள் முகம் மாறியது.

"வேப்பிலை போட்டோம். அன்னைக்கேதான் ரெண்டாவது குழலையும் கண்டுபிடிச்சோம். அந்தக் குழலச் சுத்தம் பண்ணாம வேப்பிலை மட்டும் போட்டிருந்தா ஆறியிருக்குமா? தெரியாது. ரெண்டாவது குழலப் பழைய மருந்துலயே கழுவியிருந்தா ஆறியிருக்குமா? அதுவும் தெரியாது. எதனால ஆறுச்சுன்னு எழுதுவ?"

"அப்ப நான் செஞ்சது ஒண்ணுமில்லையா சார்?" என்றாள் அவள். ஒரு வருடத்து உழைப்பு அது. எனக்கே சார் மேல் கோபம் வந்தது. சந்தோஷமாக இருக்கிற பிள்ளையிடம் இப்போதே சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன்.

சார் அவளை உட்காரச் சொன்னார். "அந்த மனுசனுக்கு நல்ல மருந்து ஆகாது. இருந்த இன்னொரு மருந்தும் கேக்கல. கழுவ ஒண்ணுமில்லாம நின்னோம். நீ ஒண்ணு கொண்டு வந்து குடுத்த. அது கெடுதல் செய்யல. அந்தப் பல்லுல இருந்த கிருமி தட்டுல அதுக்கு அடங்கிச்சு. இவ்வளவும் நெசம். இத எழுது. இதுக்கு மேல ஒரு வரி எழுதினா நாளைக்கு எவனாவது நல்ல மருந்தத் தூக்கிப் போட்டுட்டு எல்லாருக்கும் வேப்பிலைய ஊத்துவான்."

சபூரா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாவது நாள் தலைப்பை மாற்றி எழுதி அனுப்பினாள். அதில் இரண்டாவது குழலைப் பற்றித்தான் முதலில் இருந்தது. கருத்தரங்கில் அதற்குப் பெரிய கைதட்டல் கிடைக்கவில்லை என்றாள். இன்றைக்கு அவளிடம் படிக்கிற பிள்ளைகள் தட்டைக் கொண்டுவந்து காட்டினால், அவள் முதலில் கேட்பது இலை இல்லாத தட்டைத்தானாம்.

குற்றாலிங்கம் சார் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். இசக்கிமுத்து வருடத்துக்கு ஒரு தடவை படம் எடுக்க வருவார், ஒவ்வொரு தடவையும் ராமலெட்சுமியோடு. பிறகு ஒரு வருடம் வரவில்லை. அதற்கடுத்த சாரலில் ராமலெட்சுமி மட்டும் வந்தார். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கையை வைத்திருந்தார்.

"அவிய போயிட்டாவ டாக்டரம்மா. ஐப்பசியில. புத்துநோய் இல்ல, நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுததுக்குள்ள முடிஞ்சிட்டு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளீச்சிங் பவுடரில் ஊறிய கை, சொரசொரவென்று இருந்தது.

"அந்தப் பல்லு ஒரு நாளும் வலிக்கல, கேட்டியளா. மத்தியானம் மீன் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டாவ. உப்பு கொறைவா இருக்குன்னு என்னை ஏசினாவ. ஏசிட்டுத்தான் படுத்தாவ." சொல்லும்போதே சிரித்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இப்ப எனக்கு வந்திருக்கு. ராத்திரியெல்லாம் தெறிக்கி."

பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல். ஆழமான சொத்தை. வேர் கெட்டியாக இருந்தது. இரண்டு மூன்று தடவை வந்தால் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னேன்.

"அதெல்லாம் வேண்டாம், பிடுங்கிருங்க. சீசன் நேரம். லீவு குடுக்க மாட்டாவ. எனக்கு எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பிடுங்கினா ஆறிரும்லா?"

"ஆறிரும்."

"பெறகென்ன?"

"அவரை எத்தன தடவை இங்க கூட்டிட்டு வந்திய?"

"அது எங்க எண்ணினேன்!"

"அப்பவும் சீசன்தான். அப்பவும் லீவு குடுத்திருக்க மாட்டாங்க. உங்களுக்குன்னு ரெண்டு தடவை வர மாட்டியளா?"

ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ராமலெட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தானாகவே நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவை காலையில மொத ஆளா வந்துட்டா, பத்து மணிக்குள்ள விட்டுருவியளா?" என்று கேட்டார்.